வரப்பு டீயும் அண்ணியின் வயிறும்

என் அண்ணி சௌந்தரநாயகி இளைத்த கதையை ஊரில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். கொள்ளுத் தண்ணீர் குடித்து இளைத்தாள் என்று ஒரு கட்சி. திருவிடைமருதூர்க் கோயில் பிராகாரத்தைச் சுற்றிச் சுற்றியே இளைத்தாள் என்று இன்னொரு கட்சி. இரண்டும் பொய். கூடவே இருந்து பார்த்தவள் நான், அவளுடைய நாத்தனார் கமலவல்லி. நாத்தனார் சொன்னால் கொஞ்சம் உப்பு காரம் சேர்த்துத்தான் சொல்லுவாள் என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளட்டும்.

அண்ணி எங்கள் கீழப்பனஞ்சேரியின் நடவுக் கூட்டத்துக்குத் தலைவி. எந்த வயலுக்கு எத்தனை பெண்கள், யார் எந்தப் பக்கம் இறங்குவது, எப்போது கரையேறுவது, எல்லாம் அவள் வாயிலிருந்துதான் வர வேண்டும். அந்த வாய் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. கையும் அப்படித்தான் இருந்தது ஒரு காலத்தில். நாங்கள் வயலின் பாதியில் நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டிருப்போம். அவள் நாற்றை ஊன்றிக்கொண்டே பின்னால் நகர்ந்து அந்தக் கோடி வரப்புக்குப் போய்விட்டிருப்பாள்.

கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் பிறகு உடம்பு ஏற ஆரம்பித்தது. முதலில் கன்னத்தில் ஏறியது. ஆபரேஷன் நல்லதுதான், முகத்துக்குக் களை வந்துவிட்டது என்று பேசிக்கொண்டோம். பிறகு கைக்கு, இடுப்புக்கு, கடைசியில் வயிற்றுக்கு வந்து அங்கேயே குடியேறிவிட்டது. குனிந்தால் வயிறு தொடையில் முட்டி மூச்சு நிற்கும். முழங்கால் வேறு கெஞ்சும். சேற்றில் வைத்த காலை எடுக்க ஆள் கைகொடுக்க வேண்டும். ஒருநாள் கைகொடுக்கப் போன நீலாம்பாளும் சேர்ந்து சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். நீலாம்பாள் எங்கள் கூட்டத்திலேயே ஒல்லியானவள். அவளைத் தேடி எடுக்க வேண்டியதாகிவிட்டது. அன்றோடு அண்ணி வயலில் இறங்குவதை விட்டாள். வரப்பில் நின்றபடி வாயாலேயே நட்டாள்.

இந்த நிலையில்தான் எங்கள் வயல் எங்களுக்குத் திரும்பி வந்தது. என் அப்பாவும் அவருடைய அப்பாவும் குத்தகைக்குப் பயிரிட்ட வாய்க்காலடி வயலை, அப்பா கண்ணை மூடிய கையோடு பெரியபண்ணை காயாரோகணம் பிடுங்கிக்கொண்டார். குத்தகைப் பதிவில் பெயரே இல்லை என்று சாதித்தார். என் அண்ணன் கலியபெருமாள் தாசில்தார் கச்சேரிக்கும் கும்பகோணத்துக் கோர்ட்டுக்குமாக நடந்தான். அதற்குள் கோட்டையில் ஆட்சி மாறியது, மறுபடியும் மாறியது, ஊரில் கொடிக்கம்பங்களுக்கு மாற்றி மாற்றி வர்ணம் அடித்தார்கள். வழக்கு மட்டும் வாய்தா வாய்தாவாக அப்படியே கிடந்தது. பஞ்சாயத்துக் கட்டடத்தில் கலர் டிவி வைத்த வருடம், தை அறுவடை முடிந்த சமயம், தீர்ப்பு வந்தது. சாகுபடி உரிமை எங்களுக்கே என்று எழுதியிருந்தார்கள். அண்ணன் கடைத்தெருவில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வரும்போது கை காலியாக வந்தான்.

அன்று சாயங்காலம் வாசலில் கூடியிருந்தவர்கள் எல்லோர் முன்னாலும் அண்ணி சொன்னாள்: "மேட்டூர் தண்ணி வந்து சம்பா நடவு நம்ம வயல்ல. முதல் நாத்து முடியிலேர்ந்து கடைசி முடி வரைக்கும் நானும் இறங்கி நடுவேன். வரப்புல நின்னு வேடிக்கை பாக்க மாட்டேன்."

"நீ இறங்குனா தண்ணி பூரா அடுத்த வயலுக்கு ஏறிடுமேக்கா!" என்றாள் நீலாம்பாள்.

எல்லோரும் சிரித்தோம். அண்ணிதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே உள்ளே போனவள் வெகுநேரம் வரவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். அடுப்படியில் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். வாழ்நாள் முழுக்க ஊரார் வயலை நட்டவள், சொந்தம் என்று ஒன்று கைக்கு வந்தபோது அதில் குனிய முடியவில்லையென்றால் எப்படி இருக்கும்?

மறுநாளே இருவரும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். அங்கே டாக்டர் மெஹராஜ் பேகம். நல்ல மனுஷி, ஆனால் பூசி மெழுகிப் பேசத் தெரியாது. முழங்காலை அமுக்கிப் பார்த்தார், எடை மெஷினில் ஏற்றினார், முள் போய் நின்ற இடத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"முட்டியில பெரிய கோளாறு இல்ல. மேல இருக்கிற பாரத்தைத்தான் அது தாங்க முடியல. இளைச்சீங்கன்னா சேத்துல இறங்கலாம். இளைக்கலன்னா இறங்கவே கூடாது. புரியுதுங்களா?"

"எவ்வளவு இளைக்கணும்ங்க?"

"குனிஞ்சா மூச்சு முட்டாம இருக்கிற வரைக்கும்."

அண்ணி எதையும் அரைகுறையாகச் செய்பவள் இல்லை. மூன்று வேளைச் சோறு ஒரு வேளையானது. அதுவும் கிண்ணத்தில். ராத்திரிக்குக் கேழ்வரகுக் கஞ்சி. எண்ணெய்ப் பலகாரம் வீட்டுக்குள் வரக் கூடாது என்று சட்டம் போட்டதில் அண்ணன்தான் பாவம் வாடிப்போனான். விடிவதற்கு முன்னால் ஆற்றங்கரையோடு நடந்துவிட்டு வருவாள். மாசி போய், பங்குனி போய், சித்திரை வெயிலில் ஊரே காய்ந்து கிடந்தபோது அண்ணியும் இளைத்துத்தான் இருந்தாள். ரவிக்கைகளை எல்லாம் உட்பக்கம் பிடித்துத் தைத்துக்கொடுத்தேன். எடை மெஷின் முள் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. டாக்டரம்மா அவள் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

ஆனி மாதம் வந்தது. பம்ப்செட் வைத்திருந்தவர்கள் குறுவை நடவு தொடங்கினார்கள். அண்ணி வரப்பு வரப்பாக ஓடி வேலை வாங்கினாள். கோடையில் சும்மா உட்கார்ந்திருந்தபோதே இவ்வளவு இளைத்தவள், இனி ஓடுகிற ஓட்டத்தில் நூலாகிவிடுவாள் என்று நாங்கள் பயந்தோம்.

முள் நின்றுவிட்டது. அசையவே இல்லை. முகம் இளைத்திருந்தது, கை இளைத்திருந்தது, அந்த வயிறு மட்டும் பட்டா வாங்கியதுபோல உட்கார்ந்திருந்தது. குனிந்தால் இன்னும் முட்டியது.

அதற்கப்புறம் ஊரே வைத்தியரானது. கொள்ளு என்றார்கள், குடித்தாள். வெறும் வயிற்றில் எலுமிச்சம்பழமும் தேனும் என்றார்கள், குடித்தாள். கோயிலைச் சுற்றச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் பஸ் ஏறிப் போய்ச் சுற்றினாள். கிண்ணச் சோற்றையும் பாதியாக்கினாள். கண்ணில் பூச்சி பறந்ததுதான் மிச்சம். "உள்ள சோறு போவலன்னா வயிறு எதைத் தின்னுட்டு இவ்வளவு கொழுப்பா இருக்கு?" என்று அவளே அதைத் தட்டித் தட்டிக் கேட்பாள்.

டாக்டரம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "சௌந்தரநாயகி, எங்கிட்ட மறைக்காம சொல்லுங்க. நேத்து காலையிலேர்ந்து என்னென்ன சாப்பிட்டீங்க?"

அண்ணி சொன்னாள். கொள்ளுத் தண்ணீர், அரைக் கிண்ணம் சோறு, கீரை, கஞ்சி. அவ்வளவுதான்.

"நிஜமாவா?"

"நான் பொய் சொல்றவளாங்க? பக்கத்துல நிக்கிறாளே நாத்தனா, அவளைக் கேளுங்க. எம்மேல குத்தம் கண்டுபிடிக்கிறதுக்குன்னே பொறந்தவ."

நானும் சத்தியம் செய்தேன். பொய் சொல்லவில்லை, எனக்கும் அப்போது உறைக்கவில்லை.

ஆடி மாதத்தில் ஒருநாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட வந்த டாக்டரம்மாவின் ஜீப் வாய்க்கால் மதகடியில் சேற்றில் மாட்டிக்கொண்டது. அவர் இறங்கிக் குறுக்கே வரப்பில் நடந்து வந்தார். பதினோரு மணி இருக்கும். நாங்கள் கரையேறி உட்கார்ந்திருந்தோம். பண்ணை வீட்டிலிருந்து தூக்குவாளியில் டீயும் வாழையிலை மூடிய கூடையில் வடையும் வந்திருந்தன. அண்ணி ஒரு டம்ளர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள். மடியில் இரண்டு வடை.

"இது என்னங்க?" என்றார் டாக்டரம்மா.

"டீங்க."

"நீங்க சொல்லவே இல்லையே?"

"சாப்பாட்டைத்தான கேட்டீங்க? இது சாப்பாடு இல்லீங்களே. வரப்பு டீ."

"தினமும் குடிப்பீங்களா?"

"வேலை நடக்கிற நாள் பூரா உண்டுங்க. நான் தலைவியில்ல, எல்லா வரப்புக்கும் போவணும். போற எடத்துலெல்லாம் கொடுப்பாங்க. குடிக்காம வர முடியுங்களா?"

டாக்டரம்மா அந்த டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்துப் பார்த்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். "யா அல்லா! இது டீயா, பாயசமா?" என்று கேட்டு அவர் சிரித்த சிரிப்பில் நாங்களும் சிரித்தோம். அண்ணி மட்டும் சிரிக்கவில்லை.

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது, சொல்லிவிடுகிறேன். அண்ணி சின்னப்பெண்ணாக இருந்த காலத்தில் எங்கள் ஊரில் நடவாட்களுக்கு டம்ளர் கிடையாது. தாகம் என்றால் கொட்டாங்குச்சியில் தண்ணீர், அதுவும் தூக்கித்தான் ஊற்றுவார்கள். அண்ணியின் அப்பா அய்யாவு மாமா விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் இருந்தார். கூலி நெல்லோடு சேர்த்து, பதினோரு மணிக்கு வரப்பில் உட்காரவைத்து டம்ளரில் டீ கொடுக்க வேண்டும் என்று கேட்டார்கள். கேட்டதற்கு அடி விழுந்தது. மாமா ஜெயிலுக்குப் போனார். நாற்றங்காலில் நாற்று முற்றிப்போகும்வரை ஒருவரும் வயலில் இறங்கவில்லை. பிறகுதான் டீ வந்தது. வேடிக்கை என்னவென்றால் மாமாவுக்கு டீயே பிடிக்காது, பித்தம் என்பார். ஆனாலும் வரப்பில் கொடுத்ததை ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டுத்தான் டம்ளரைத் திருப்பிக் கொடுப்பார்.

அந்த டீயில் சர்க்கரை குறைந்தால் பண்ணைக்கு அவமானம். கஞ்சப்பயல் என்று பேர் வந்துவிடும். அதனால் ஒருவருக்கொருவர் போட்டி போட்டுக்கொண்டு கொட்டுவார்கள். நாங்கள் காலையிலிருந்து குனிந்து நட்டு அதைக் கரைத்துவிடுவோம். அண்ணி வரப்பில் நின்றபடி, ஒவ்வொரு வயலிலும் ஒரு டம்ளரும் வடையும் வாங்கிக்கொண்டிருந்தாள். அத்தனையையும் அவள் வயிறு பத்திரமாகச் சேர்த்து வைத்திருந்தது.

"டீயை விட்டுடுங்க" என்றார் டாக்டரம்மா, எழுந்துகொண்டே. "வடையையும். அந்த வயிறு தானா இறங்கும்."

அண்ணி அன்று முழுக்கப் பேசவில்லை. எனக்கு ஞாபகம் தெரிந்து அப்படி ஒரு நாள் அதுதான். வயலில் இறங்க வேண்டும் என்ற ஆசை ஒரு பக்கம். அப்பன் ஜெயிலுக்குப் போய் வாங்கிய டம்ளர் ஒரு பக்கம். கடைசியில் ஆசை வென்றது. மறுநாள் காயாரோகணத்தின் வயலில் டீ வந்தபோது, "எனக்கு வேணாம்" என்று மெதுவாகச் சொன்னாள்.

வழக்கில் தோற்ற எரிச்சலில் இருந்த மனிதருக்கு அது போதாதா? அடுத்த நாள் அவர் வயலுக்கு டீயே வரவில்லை. ஆள் அனுப்பிக் கேட்டால், "தலைவியம்மாவே வேணாம்னுட்டாங்களாமே. அப்புறம் மத்தவங்களுக்கு மட்டும் என்னத்துக்கு?" என்று பதில் வந்தது. இதைப் பார்த்துவிட்டு இன்னும் இரண்டு பண்ணைகள் பாலை மிச்சப்படுத்தலாமா என்று யோசிக்க ஆரம்பித்தன.

பெண்கள் அண்ணியைச் சூழ்ந்துகொண்டார்கள். நீலாம்பாள் போட்ட சண்டையை ஏட்டில் எழுத முடியாது. "ஒன் வயித்துக்காக எங்க வாயில மண்ணைப் போடுறியாக்கா?" என்றாள். அண்ணிக்குப் பொறுக்கவில்லை. "நாளைக்கு டீ வரும். வரலன்னா ஒருத்தியும் இறங்க வேணாம்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "டீயும் வேணும், வயலும் வேணும் கமலா. ஒண்ணுக்காக இன்னொண்ணை விடுறதுக்கு எங்கப்பன் என்னைப் பெக்கல" என்றாள்.

மறுநாள் காயாரோகணத்தின் வயலில் நாற்று பறித்து முடி முடியாகப் போட்டிருந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நாங்கள் எல்லோரும் வரப்பில் வரிசையாக உட்கார்ந்துகொண்டோம். பறித்த நாற்று காத்திருக்காது என்பது எங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். குடையைப் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"என்ன சௌந்தரம், டீதான வேணும்? வரச் சொல்றேன், வடையோட. இறங்கச் சொல்லு."

"டீ வேணுங்க. ஆனா சர்க்கரையைத் தனியா ஒரு டப்பாவுல அனுப்புங்க. வேணுங்கறவங்க வேணுங்கற அளவு போட்டுக்குவாங்க. அப்புறம் வடை எனக்கு வேணாம். சுண்டல் வேணும்."

காயாரோகணம் குடையைத் தாழ்த்தினார். "வடை வேணாம்னு சொல்றதுக்கா உக்காந்திருக்கே?"

"ஆமாங்க."

"ஊரு உலகத்துல கூடக் கொடுன்னு உக்காருவாங்க. குறைச்சுக் கொடுன்னு உக்கார்றதை இங்கதாம்மா பாக்குறேன்!"

"குறைக்கச் சொல்லலைங்க. நீங்க கொடுக்கிறது எங்க வாய்க்குள்ள போவுது. எது போவணும்னு நாங்கதான சொல்லணும்?"

அந்த நேரம் பார்த்து நீலாம்பாள் எழுந்து, "ஐயா, எனக்கு வடைதான் வேணும்! சங்கத்து மேல ஆணையா எனக்குச் சுண்டல் வேணாம்!" என்று கத்தினாள். நானும் வடைக் கட்சிதான், இன்றைக்கும் அதுதான், ஆனால் வாயைத் திறக்கவில்லை. அண்ணி நீலாம்பாளை முறைத்துவிட்டு, "வடை கேக்குறவங்களுக்கு வடை, சுண்டல் கேக்குறவங்களுக்குச் சுண்டல்" என்று கோரிக்கையைத் திருத்திச் சொன்னாள்.

காயாரோகணம் கொஞ்ச நேரம் முரண்டு பிடித்தார். அதற்குள் அவர் மனைவி வள்ளியம்மை ஆச்சி தூக்குவாளியோடு தானே வரப்பில் வந்துவிட்டார். "இதுல என்ன இருக்கு? வீட்டுல இவரே சர்க்கரை இல்லாத டீதான் குடிக்கிறாரு. ஒரே சட்டியில போட்டு எறக்கிடுறேன்" என்றார். வரப்பில் எழுந்த சிரிப்பில் கொக்குகள் பறந்துபோயின. காயாரோகணமும் குடைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்ததை நான் பார்த்தேன். நாங்கள் வயலில் இறங்கினோம்.

சர்க்கரை போடாத முதல் டீயை அண்ணி குடித்தபோது பார்க்க வேண்டுமே! மருந்து குடிக்கும் குழந்தைபோலக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஆனாலும் ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினாள். அந்த வாரமே மற்றப் பண்ணைகளும் சர்க்கரை டப்பாவைத் தனியாக அனுப்பின.

முள் மறுபடியும் நகர்ந்தது. மெதுவாகத்தான், ஆனால் நகர்ந்தது. கொல்லையில் தண்ணீர் ஊற்றிச் சேறாக்கி, விளக்குமாற்றுக் குச்சிகளை நாற்றுபோல ஊன்றிக் குனிந்து பழகினாள். அவள் நட்டதைக் கோழிகள் பின்னாலேயே வந்து பிடுங்கிப்போட்டன. விளக்குமாறு இல்லாமல் வாசல் கூட்ட அண்ணன் தென்னை மட்டையைத் தேடினான். புரட்டாசி பிறந்ததும் டாக்டரம்மா முழங்காலை அமுக்கிப் பார்த்து, அவளைக் குனியச் சொல்லி, "மூச்சு முட்டுதா?" என்று கேட்டார்.

"இல்லீங்க."

"அப்ப இறங்குங்க. வலிச்சா உடனே ஏறிடணும்."

வாய்க்காலில் தண்ணீர் தளும்ப ஓடியது. எங்கள் வயல் உழுது பரம்படித்து வானத்தைக் காட்டிக்கொண்டு கிடந்தது. ஈசானி மூலையில் அண்ணன் கற்பூரம் ஏற்றினான். அண்ணி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். சேற்றில் ஒரு கால் வைத்தாள். இன்னொரு கால் வைத்தாள். நாங்கள் எல்லோரும் வரப்பிலேயே நின்றோம். நீலாம்பாள்கூட வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

அண்ணி குனிந்தாள். கை தண்ணீருக்குள் போயிற்று. முதல் நாற்று நின்றது. அடுத்தது நின்றது. அப்புறம் அந்தப் பழைய கை வந்துவிட்டது. நாங்கள் அவசர அவசரமாக இறங்கி வரிசை பிடித்துக்கொண்டோம். வெயில் ஏறியது. "போதும் சௌந்தரம், ஏறு" என்று அண்ணன் வரப்பிலிருந்து கெஞ்சிப் பார்த்தான். அவளுக்குக் காதில் விழவில்லை. முழங்கால் வலிக்கிறதா என்று நான் இரண்டு தடவை கேட்டேன். அவள் அடுத்த முடியை எடுத்துப் பிரித்தாள்.

பொழுது சாயும்போது தெற்கு மூலையில் கையகலச் சேறு பாக்கி இருந்தது. பேசி வைத்துக்கொள்ளாமலே எல்லோரும் அதை அவளுக்கு விட்டுவிட்டுக் கரையேறினோம். கடைசி முடியைப் பிரித்து அவள் நிதானமாக ஊன்றினாள். ஊன்றிய பிறகும் குனிந்தபடியே இருந்தாள். மூச்சு அடைத்துக்கொண்டதோ என்று பதறிப்போய் நான் திரும்பவும் இறங்கி ஓடினேன்.

"அண்ணி! என்ன ஆச்சு? நிமிருங்க அண்ணி!"

குனிந்த முகத்தை மட்டும் திருப்பிப் பார்த்தாள். நெற்றியெல்லாம் சேறு, கண்ணெல்லாம் சிரிப்பு.

"ஊரான் வயல்ல குனியும்போதெல்லாம் எப்படா நிமிருவோம்னு இருக்கும் கமலா. இன்னிக்கு நிமிரவே மனசு வரலடி."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. நானும் அவள் பக்கத்தில் குனிந்து நின்றேன்.